கோட்டுக்கு முன்னால் விழும் தட்டு

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு மெழுகக்கா என்று பெயர். செயற்கைப் பல் செய்யும் கூடம் அது. மற்றவர்கள் அச்சு எடுக்கும் மாவு கலப்பார்கள், அச்சு வார்ப்பார்கள், பளபளப்பு ஏற்றுவார்கள். மெழுகில் பல்லின் வடிவத்தைக் கொண்டுவரும் மேஜை மட்டும் பல வருஷமாக அவருடையது. சின்னக் கத்தியை விளக்கில் காட்டி, மெழுகைத் தொட்டுச் சொட்டு வைத்து, சுரண்டி, ஊதி, மறுபடி சொட்டு வைப்பார். கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளம் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அவருடைய நாத்தனார் ஒரு கடையின் மாடியில் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். வகுப்பை வீடியோ எடுத்து இணையத்திலும் போடுவாள். பின்னணியில் யாருடைய பாட்டையோ ஓடவிட்டதால் அவள் வீடியோக்களை எல்லாம் ஒரே நாளில் ஊமையாக்கிவிட்டார்கள்.

"பாருங்க அண்ணி, வாய் மட்டும் அசையுது. மீன் தொட்டிக்குள்ள நின்னு கத்துற மாதிரி இருக்கேன்" என்று போனை நீட்டினாள்.

கம்ப்யூட்டரில் இசை சேர்க்கும் சாஃப்ட்வேர் ஒன்றை மெழுகக்கா அப்போது தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டிருந்தார். யாரிடமும் காட்டியதில்லை. அன்றைக்கு என்னவோ வாய் முந்திக்கொண்டது. "நான் போட்டுத் தரேன் விடு" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். திரையில் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் டிரம் விழ வேண்டுமோ அங்கே மவுஸால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். முதல் கட்டத்தில் ஒரு டம், ஐந்தாவதில் ஒரு டக். பகல் முழுக்கக் கத்தி பிடித்த மணிக்கட்டு, சாயங்காலம் மவுஸ் பிடித்ததும் முனகியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. என்ன, வகுப்புல ஒருத்தி இதுக்கு வாஷிங் மெஷின் பாட்டுன்னு பேர் வச்சிருக்கா."

அந்த வாரமே மெழுகக்கா இசைக்கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் மெலிந்த ஆள், மெதுவாகப் பேசுபவர். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒரு புத்தகம் அளவுக்கு இருந்த தட்டையான கருவியை எடுத்து வைத்தார். மேலே நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் கட்டங்கள். மிடி பேட் என்றார். தட்டினால் அது தானாகச் சத்தம் போடாது. எந்தக் கட்டம், எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தட்டப்பட்டது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வரும்.

"மவுஸ்ல புள்ளி வைக்கிறதுக்குப் பதிலா விரலால வாசிக்கலாம். மெதுவாத் தட்டினா மெதுவாக் கேக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுங்க, டப்பா மட்டும் கிழியக் கூடாது" என்றார்.

ஒரு வாரத்தில் இதன் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று மெழுகக்கா முடிவு செய்துகொண்டார்.

வீட்டில் மேஜை என்று இருப்பது சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். அதன் மேல் கருவியை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். அவருக்கு இசை கேட்டது. பக்கத்து அறையில் சாயங்காலத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு டொக்கு டொக்கு என்பது மட்டும் கேட்டது. அவர் பஸ் டிரைவர். அதிகாலை வண்டி எடுப்பவர். சாயங்காலத் தூக்கம்தான் அவருக்கு ராத்திரி. எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"யாரு கதவத் தட்டுறாங்கன்னு மூணு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன்."

"ஐயோ, கேக்குதா?"

"உனக்குப் பாட்டு, எனக்கு ஆணி அடிக்கிற வேலை. நல்ல பங்கு."

அடியில் துவாலையை மடித்து வைத்துப் பார்த்தார். சத்தம் குறைந்தது, ஆனால் கருவி நழுவியது. தலையணை சரிப்படவில்லை, ஆடியது. கடைசியில் யோகா விரிப்பு ஒன்றை வெட்டி அடியில் போட்டதும் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தன. வீட்டுக்காரர் மறுநாள் சாயங்காலம் குறட்டை விட்டதே அத்தாட்சி.

அடுத்தது கட்டங்கள். பதினாறையும் ஒவ்வொன்றாக மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கித் தட்டிப் பார்த்தார். முதலில் மெதுவாகத் தட்டியது எதுவும் பதிவாகவில்லை. அழுத்தத்தை உணரும் அளவை மாற்றிக்கொள்ள அமைப்பு ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றினார். மாற்றியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் வந்தது. திரும்பக் கொஞ்சம் இறக்கினார். இந்தத் துளி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு அலுக்காது. அதுவரை கருவி தேறிவிட்டது என்றுதான் நினைத்தார்.

சிக்கல் வாசித்ததைப் பதிவு செய்தபோது வந்தது. பின்னணியில் டிக் டிக் என்று தாளம் ஓட, அதோடு சேர்த்துத் தட்டினார். தட்டுவது ஒரு நேரம், காதில் கேட்பது ஒரு நேரம் என்று இருந்தது. ஒயர் இல்லாத ஹெட்போன் என்றால் சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து, வீட்டுக்காரரின் பழைய ஒயர் ஹெட்போனை மாட்டினார். தாமதம் போய்விட்டது. ஆனால் திரையில் பார்த்தால், அவர் தட்டியவை எல்லாம் டிக் விழும் இடத்தைக் காட்டும் கோட்டின் மேல் விழாமல் கோட்டுக்கு முன்னால் விழுந்திருந்தன. எல்லாமே. ஒரு மயிரிழைதான், ஆனால் எல்லாமே.

மெழுகக்காவுக்கு இதில் சந்தேகமே இல்லை. மயிரிழை பிசகினால் பல் வாயில் உட்காராது; அப்படிப் பழகிய கை அவருடையது. கோளாறு கருவியில்தான்.

டப்பாவோடு கடைக்குப் போய் நின்றார். "இது நேரத்தத் தப்பாச் சொல்லுது."

கடைக்காரர் கருவியைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிக் டிக் ஓடவிட்டு, அவரே தட்டினார். புள்ளிகள் கோட்டின் மேலேயும் இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகவும் விழுந்தன. "இப்ப நீங்க" என்றார். மெழுகக்கா தட்டினார். கோட்டுக்கு முன்னால், வரிசையாக.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதேதான்.

"மிஷின் சரியாத்தாங்க இருக்கு" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "நீங்கதான் கொஞ்சம் அவசரப்படுறீங்க. டிக் டிக்கை ஓடவிட்டு மெதுவாத் தட்டிப் பழகுங்க, வந்துடும்."

பின்னால் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மெழுகக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது பை மேல் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்; சரியாகத்தான் தட்டுகிறோம் என்றே பட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இத நான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன். கடைக்காரர் ஒரே வாரத்துல கண்டுபிடிச்சுட்டாரே!"

"முன்னாடியே வந்தா என்ன தப்பு? லேட்டா வந்தாத்தான தப்பு?"

"எங்க டிப்போவுல கேளு. லேட்டா எடுத்தா ஒரு திட்டு, முன்னாடியே எடுத்தா மெமோ. ஸ்டாப்புல நிக்கிறவன் பஸ்ஸையே பார்க்க மாட்டான் இல்ல?"

மெழுகக்கா சாப்பாட்டை முடித்து மேஜையைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சாஃப்ட்வேரில் ஒரு பொத்தான் உண்டு; அழுத்தினால் முன்னால் பின்னால் விழுந்த புள்ளிகளை எல்லாம் இழுத்துக் கோட்டின் மேல் நிறுத்திவிடும். அழுத்தினார். எல்லாம் ஒழுங்காக நின்றன. ஓடவிட்டுக் கேட்டார். அதே வாஷிங் மெஷின்.

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. இழுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றால் இந்தக் கருவி எதற்கு? மவுஸே போதுமே. பழையபடி ஆக்கிவிட்டு, தான் தட்டியதை அப்படியே மூன்று நான்கு முறை கேட்டார். நல்லதா கெட்டதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் நாத்தனாருக்கு அனுப்பினார், எது எது என்று சொல்லாமல். கூடவே வகுப்பின் கடைசிப் பயிற்சிக்கு என்று விரலால் வாசித்த இன்னொன்றையும் அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வகுப்புக்கே போனார். மாடி ஹாலில் ஓரமாகச் செருப்பு ரேக்கின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். முதலில் பொத்தான் அழுத்திக் கோட்டில் நிறுத்திய பாட்டு ஓடியது, எல்லோரும் குதித்தார்கள். இரண்டாவது பாட்டு, அவர் தட்டியபடியே விட்டது, தொடங்கியதும் முன்வரிசையில் ஒரு பெண், "ஏய், இது தள்ளுதுடி" என்றாள். முழங்கால்கள் கொஞ்சம் மேலே ஏறின. நாத்தனார் எண்ணுவதை விட்டுவிட்டாள், எண்ணத் தேவைப்படவில்லை. மெழுகக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைக்காரர் ஞாபகமே வரவில்லை.

மூன்றாவது, வகுப்பு முடியும்போது உடம்பை ஆற்றும் பயிற்சிக்கானது. அதுவும் அவர் விரலால் வாசித்ததுதான். அங்கேதான் கவிழ்ந்தது. படுத்துக்கொண்டு கண்ணை மூடியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

வகுப்பு கலைந்ததும் நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ரெண்டாவது சூப்பர் அண்ணி. நிஜமாச் சொல்றேன். ஆனா கடைசிப் பாட்டுல யாரோ பின்னால துரத்திட்டு வர மாதிரி இருக்கு. எனக்கே மூச்சு வாங்குது."

"அத மவுஸ்லயே போட்டுத் தந்துடறேன்" என்றார் மெழுகக்கா. அவருக்கு வருத்தமில்லை, அளவெடுத்து முடிந்த நிம்மதிதான் இருந்தது.

டப்பா கடைக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது குதிக்கும் பாட்டுக்கெல்லாம் விரல், படுக்கும் பாட்டுக்கெல்லாம் மவுஸ். கடைக்காரர் சொன்னபடி, டிக் டிக்கை ஓடவிட்டு மெதுவாகத் தட்டிப் பழகவும் செய்கிறார். கோட்டுக்கு முன்பைவிடக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. முழுதும் வந்துவிடக் கூடாது என்று நாத்தனார் தடை போட்டிருக்கிறாள். யோகா விரிப்பின் மிச்சத் துண்டு சாப்பாட்டு மேஜையின் ஆடும் கால் ஒன்றுக்கு அடியில் போயிருக்கிறது.