வெளிச்சமான பக்கம் குளிர்ந்திருந்தது

பேசாமல் இருந்தது போதும். சண்முகவேல் அண்ணாச்சி இறந்த செய்தி போன வாரம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாலைக்குள் இணையத்தில் ஓர் அஞ்சலிப் பக்கம் திறந்துவிட்டார்கள். எல்லோரும் 'அவர் கண்டுபிடித்த விளிம்பு' என்றே எழுதுகிறார்கள். அந்த விளிம்பை முதலில் பார்த்தவன் நான்.

நூற்றுக்கணக்கான விண்மீன் திரள்கள் சேர்ந்தது ஒரு கொத்து. திரள்களுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது; எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஒரு கொத்தின் படத்தில் அந்த வாயுவின் வெளிச்சம் ஓரிடத்தில் சட்டென்று குறைந்து ஒரு விளிம்பு தெரிவதைக் கண்டேன். இரண்டு கொத்துகள் மோதிய அதிர்ச்சி அலை என்று கட்டுரை எழுதினேன். வேறொரு குழுவும் அதே கொத்தை ஆராய்ந்துகொண்டிருந்ததால் அந்த வாரமே அனுப்பியாக வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவரான அண்ணாச்சி, வாராந்தரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏலே, வெளிச்சத்த அளந்தே, சரி. சூட்ட அளந்தியா?"

அளக்கவில்லை. அதிர்ச்சி அலையென்றால் வெளிச்சமான பக்கம்தான் கூடுதல் சூடாக இருக்க வேண்டும். அவர் அளந்திருந்தார். அது குளிர்ந்திருந்தது.

"டாக்டர் பட்டம் வாங்கிட்டான், தெர்மாமீட்டர் வைக்கத் தெரியல," என்றார். சிரித்தார்கள். "மோதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சின்னக் கொத்து ஒண்ணு பக்கத்துல கடந்து போயிருக்கு. தண்ணி லாரி பிரேக் போட்டா உள்ள அலம்புதுல்லா? அது மாதிரி நடுவுல கெடந்த குளுந்த கேஸ் அலம்பி வெளிய வந்திருக்கு."

கட்டுரையை அனுப்பவில்லை. அந்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டேன். மறு ஆண்டு அந்த விளிம்பைப் பற்றி அவருடைய கட்டுரை வெளிவந்தது. என் பெயர் கடைசியில், நன்றிக் குறிப்பில் இருந்தது.

பல வருடம் கழித்து, சென்ற ஆடித்தபசுத் திருவிழா அன்று சங்கரன்கோவிலில் அவர் வீட்டுக்குப் போனேன். கூட்டத்தால் பஸ் ஊருக்குள் வரவில்லை. திருவேங்கடம் சாலையில் இறங்கி நடந்தேன். உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன்: "என் பேர ஏன் போடல, அண்ணாச்சி?"

"ரெண்டு தடவ மெயில் அனுப்புனேன். மொதப் பேரே ஒன் பேருதான். சம்மதம்னு ஒரு வரி நீ எழுதாம எப்படிப் போட? நம்ம தொழில்ல அப்படி உண்டா?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணிருக்கலாம். எனக்கும் ரோசம் இருக்கும்லா."

அந்த இரண்டு மெயில்களும் இன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு நான் திறக்காமல் விட்டவை. அவர் இறந்த பிறகுதான் திறந்தேன். சொன்னது உண்மை.

சூட்டை அளக்காமல் அதன் பின் ஒரு வரியும் நான் எழுதியதில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். அன்றைய சிரிப்பும் தங்கியிருக்கிறது, அதை மன்னிக்கவில்லை.

விளிம்பைப் பார்த்தது நான். அது என்னவென்று கண்டது அவர். இரண்டும் அந்த அஞ்சலிப் பக்கத்தில் இருக்க வேண்டும். என் பெயர் போட்டால், அவரை எரித்த மறுவாரமே பங்கு கேட்க வந்துவிட்டான் என்பார்கள். எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள். பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவிடுகிறேன்.