என் கையால் ஒரு சிவப்பு

பட்டுப்புடவைக் கடையில் பதினெட்டு வருஷமாகச் சிவப்பு விற்கிறவன் நான். குங்குமச் சிவப்பு, மிளகாய்ப்பழச் சிவப்பு, தக்காளிச் சிவப்பு, அரக்கு என்று தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்வேன் என்று பீற்றிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு, சுண்டுவிரல் உயரமுள்ள ஒரு பொம்மைப் போர்வீரனின் கவசத்தைப் பளிச்சென்று சிவப்பாக்க ஏழு மாதம் ஆயிற்று.

மேசைமேல் படை நகர்த்தி ஆடும் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். இந்த வீரர்கள் அதற்கானவர்கள். அதன் விதி எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஒருவர் அப்படி ஒரு வீரனுக்கு வண்ணம் தீட்டும் வீடியோவை ஃபோனில் பார்த்தேன், அவ்வளவுதான். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டு அவர் கையில் சிவந்து எழுந்து நின்றது. பார்த்ததும் எனக்குப் பொறாமை வந்தது. எங்கள் காஞ்சிபுரத்தில் ஒருவர் சாயம் தோய்க்கிறார், ஒருவர் டிசைன் போடுகிறார், ஒருவர் நெய்கிறார். நான் பிரித்துக் காட்டுகிறேன், மடித்து வைக்கிறேன். சாவதற்குள் ஒரு சிவப்பையாவது என் கையால் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்ன, பேய் மாதிரி பிடித்துக்கொண்டது.

ஒரு வீரனை ஆன்லைனில் வரவழைத்தேன். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், காலை ஆறு மணியிலிருந்து கடைக்குக் கிளம்பும்வரை அதுதான் என் பட்டறை.

முதல் தடவை கறுப்பு அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் சிவப்பைப் பூசினேன். காய்ந்ததும் செங்கல். சரி, சிவப்பு போதவில்லை என்று அடுத்த தடவை அப்பித் தள்ளினேன். மார்புக் கவசத்தில் அழகாக ஒரு சிங்கம் செதுக்கியிருந்தது. அது பூனையாகி, கடைசியில் கொழுக்கட்டையாகிவிட்டது. மூன்றாம் தடவை, ஒளிபடும் விளிம்புகளுக்குச் சிவப்பில் வெள்ளையைக் கலந்தேன். வீரன் ரோஸ்மில்க்கில் விழுந்து எழுந்தவன் போல நின்றான். ஒவ்வொரு முறையும் அவனை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி சாம்பலாக்குவேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மூன்றாம் குளியலைப் பார்த்துவிட்டு, “இவன் சண்டையில சாவ மாட்டான், குளிச்சே செத்துடுவான்” என்றாள்.

நாலாம் தடவை என் தொழில் புத்தியைக் காட்டினேன். கடையில் ஒரு சிவப்பை விற்க வேண்டுமானால், முதலில் மங்கிய அரக்கு ஒன்றை விரித்துப் போடுவோம். அதன் பக்கத்தில் ஒரு கரும்பச்சை. இரண்டுக்கும் நடுவில் அந்தச் சிவப்பை உதறினால் எழுந்து வந்து முகத்தில் அடிக்கும். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அதேபோல வீரனின் காலடியில் பச்சைப் பாசியை ஒட்டினேன், முதுகுக்குப் பின்னால் பச்சை அட்டையை நிறுத்தினேன். செங்கல் திடீரென்று சிவந்துவிட்டது. வெற்றிக் களிப்பில் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் பார்த்தாள். அட்டையை உருவினாள், பாசியைப் பிய்த்தாள், அவனைத் தூக்கி, திருத்த வைத்திருந்த விடைத்தாள் கட்டின்மேல் நிறுத்தினாள். வெள்ளைத்தாள்மேல் மறுபடி அதே செங்கல்.

“இது நீங்க பண்ண செவப்பு இல்ல, காட்டுன செவப்பு. கடையில பண்றதயே வூட்லயும் பண்ணிக்கினு இருக்கீங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு இன்னா தெரியும் கலரப் பத்தி?” என்று கத்திவிட்டு, இட்லியைத் தொடாமல் கடைக்குக் கிளம்பினேன். ஆனால் அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம். வண்டியில் போகும்போதே தீர்மானித்துவிட்டேன்: எந்த முட்டும் கொடுக்காமல், வெறும் வெள்ளைத்தாள்மேல் அவன் சிவந்து நிற்க வேண்டும். அதுவரை இவனை விடுவதில்லை.

அந்த வாரமே பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் கல்யாண ஜவுளி எடுக்க வந்தது. பெண்ணின் அம்மா ஒரு புடவையை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: “இந்தச் செவப்பு மட்டும் இன்னாபா இப்படி மின்னுது?”

“பாவு மஞ்சள்மா. நீளத்துல ஓடுற நூல் மஞ்சள், குறுக்க ஓடுற ஊடுதான் செவப்பு. அடியில மஞ்சள் இருக்குதில்ல, அதான் உள்ளேர்ந்து வெளிச்சம் வருது.”

ஆயிரம் தடவை சொன்ன வசனம். அன்றைக்குத்தான் அது என் காதிலேயே விழுந்தது. ஊருக்குத்தான் உபதேசம்! கையில் பிடித்த முந்தானையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய், “தண்ணி குடிக்கிறியாபா?” என்று கேட்டார்.

மறுநாள் காலையில் வீரனுக்கு மறு குளியல். இந்த முறை வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் இரண்டு பூச்சு மஞ்சள். சிவப்பைச் சாம்பார் பதத்தில் எடுக்காமல் ரசமாகக் கரைத்தேன். முதல் பூச்சில் மஞ்சள் பல்லிளித்தது. பூசு, காயவிடு, மறுபடி பூசு. காயவிடுவதுதான் கஷ்டம். பொறுக்காமல் ஈரத்திலேயே தூரிகையை வைத்தேன், அடிப்பூச்சு உரிந்து வந்தது. மறுபடி முதலிலிருந்து. எங்கள் ஊர் வெயிலில் வண்ணம் தூரிகை நுனியிலேயே உலர்ந்தது. டிபன் டப்பா மூடியில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வண்ணத்தைக் கரைத்தேன். உலராமல் நின்றது.

ஏழாவது பூச்சில் மஞ்சள் கண்ணுக்கு மறைந்தது. மறைந்ததே தவிர, போகவில்லை. பள்ளங்களில் மட்டும் அரக்கை ஓடவிட்டேன். விளிம்புகளுக்கு வெள்ளையைத் தொடவே இல்லை, ஆரஞ்சுதான். கடைசியில் பளபளக்கும் வார்னிஷ். அதையும் ஒரு மழைநாளில் அடித்துத் தொலைத்தேன். ஈரக்காற்றில் கவசம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அன்று அவனை ஜன்னல் வழியாக வீசியெறியக் கை ஓங்கியவன்தான் நான். ஓங்கிய கையை இறக்கி, ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன். எத்தனையாவது குளியல் என்று எண்ணுவதை அதற்குள் விட்டிருந்தேன்.

இன்னொரு தடவை எல்லாவற்றையும் செய்து முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் காலை. வெள்ளைத்தாளை நானே விரித்து அவனை நிறுத்தினேன். சிவப்பு. மிளகாய்ப்பழம், குங்குமம் என்று எந்தப் பெயரும் என் வாயில் வரவில்லை. சிங்கம்கூடப் பிடரியோடு திரும்பி வந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன்.

வந்தாள், குனிந்து பார்த்தாள். தாளிலிருந்து அவனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். தேர்வு எழுதிய பையனைப் போல ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பால் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“அட, இன்னாமா இது? இன்னா செவப்பு! எங்க வாங்கின?”

“வாங்கலக்கா. எங்க வூட்டுக்காரரு பண்ணாரு.”

பண்ணாரு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஒளிக்கவும் தோன்றவில்லை.

“வித்தா இன்னா வெலைக்குப் போவும்?” என்று கேட்டார் அந்த அம்மா. பழக்கதோஷம், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் என் மனைவி விரல்களை மூடிக்கொண்டாள்.

“இது விக்கிறதுக்கு இல்லக்கா.”