சபாநாயகர் காதில் அத்தான் சொன்னது

என் அக்காவின் கணவரை எல்லாரும் ‘கணீர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டசபையில் மசோதா வாசிப்பது அவர் உத்தியோகம். சபாநாயகரின் உயரமான நாற்காலிக்குக் கீழே நீள மேசை ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் நின்று, புதிதாக வரும் ஒவ்வொரு மசோதாவின் எண்ணையும், தலைப்பையும், கொண்டுவந்த உறுப்பினரின் பெயரையும் உரக்கப் படிப்பார். உடனே சபாநாயகர், அதை எந்தக் குழு ஆராய வேண்டும் என்று அறிவிப்பார். சுத்தியலால் ஒரு தட்டு. அடுத்த மசோதா. ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு மசோதாவின் கதை அங்கே முடிந்துவிடும்.

தலைப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அத்தான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கேட்டால், “அது என் வேலை இல்ல மாப்ளே. நான் குரல்” என்பார்.

அந்தக் குரலுக்கு வீட்டில் நடந்த ராஜ உபசாரத்தைச் சொல்லி மாளாது. சபை கூடும் நாட்களில் காலையில் பேச மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் விரலைக் காட்டுவார். அக்கா இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுபோய் நிற்பாள். குடித்துவிட்டு, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிரசவத்துக்குப் போகிறவர் மாதிரி மெதுவாகப் படியிறங்குவார். சாயங்காலம் வந்ததும், “இன்னைக்குப் பன்னெண்டு சட்டம்” என்பார், பன்னிரண்டையும் தானே முட்டையிட்டு வந்தவர்போல. காய்கறிக் கடையில்கூட அச்சுத் தமிழில்தான் பேரம். “இந்தக் கத்திரிக்காயின் விலையைக் குறைத்துக்கொள்ள இயலுமா?” என்று அவர் முழங்கும்போது கடைக்காரர் எங்கோ பார்த்துச் சிரிப்பார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றுவிடுவாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். படித்தது குறைவு, கையெல்லாம் கிரீஸ். அத்தானுக்கு என் தொழில்மேல் பெரிய மதிப்பு கிடையாது. விருந்தாளிகளிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, “இவர் போக்குவரத்துத் துறை” என்பார்.

எங்களோடு ஒருவன் வேலை பார்த்தான். ஆள் தென்னங்குச்சி மாதிரி இருப்பான், அதனால் ‘ஒல்லி’. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, அது ஓடும் தண்டவாளத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். கம்பெனி அவனை மட்டும்தான் அனுப்பியிருந்தது. இரண்டு பேரை அனுப்பினால் இரண்டு கூலி அல்லவா? கீழே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினான். மேல்மாடிக்காரர் ஒருவர், “எவ்வளவு நேரம்யா காத்திருக்கிறது?” என்று காவலாளியிடம் கத்தியிருக்கிறார். காவலாளிக்கு என்ன தெரியும், போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். கூண்டு உச்சிக் கூரைவரை போனது. ‘நிறுத்து’ என்று கீழே நின்று கத்த ஆளில்லை.

அவன் கவனக்குறைவாக இருந்துவிட்டான் என்று கட்டட உரிமையாளர் சொன்னார். கம்பெனியும் அதையே சொன்னது. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்?

நாங்கள் ஏழெட்டு மெக்கானிக்குகள் சேர்ந்து எங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்க்கப் போனோம். அவர் ஒரு பல் டாக்டர் அம்மா. முதல் தடவையாக ஜெயித்தவர், சபையில் கடைசி வரிசை. சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “லிஃப்ட் குழிக்குள்ள எப்படி இறங்குவீங்க, எனக்குக் காட்டுங்க” என்றார். காட்டினோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் இறங்கிப் பார்த்தார். ஏறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

அவரே உட்கார்ந்து மசோதா எழுதினார். விஷயம் சின்னது. லிஃப்ட் குழிக்குள்ளோ கூண்டின் மேலோ யாரும் தனியாகப் போகக் கூடாது. மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியை உள்ளே போகிறவன் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இதை மீறினால் கட்டட உரிமையாளர்தான் பொறுப்பு.

இது சட்டமாகுமா என்று அத்தானிடம் கேட்டேன். கம்பளித் துண்டைச் சரிசெய்துகொண்டு பாடம் எடுத்தார்.

“எந்தக் குழுவுக்குப் போகுதுங்கறதுதான் மாப்ளே விஷயம். தொழிலாளர் குழுவுக்குப் போச்சுன்னா வாராவாரம் உட்கார்ந்து பேசுவாங்க. கட்டடக் குழுவுக்குப் போச்சுன்னா, கிணத்துல போட்ட கல்லு.”

“ஏன்?”

“அதுக்குத் தலைவர் நம்ம மாடியார் இல்ல?”

மாடியாரைத் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் உயரமான கட்டடங்களில் பாதி அவருடையவை. மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்து மாடி எழுப்புகிறவர். அவரைக் கட்டடக் குழுவுக்குத் தலைவராக்கியது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. குழுவை அவர் கூட்டுவதே இல்லை. கூட்டாமலிருப்பதற்குத்தான் அவரை அங்கே வைத்திருந்தார்கள்.

“இது தொழிலாளர் விஷயம்தானே அத்தான்?”

“ஆளு செத்தான்னு பார்த்தா தொழிலாளர். லிஃப்ட்டுன்னு பார்த்தா கட்டடம். ரெண்டுங்கெட்டான். சபாநாயகர் எப்படிச் சொல்றாரோ அப்படி.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, ரகசியத்தைப் பெருமையாக எடுத்து வைத்தார். “சபாநாயகருக்குக் காது மந்தம். இந்த மாதிரி நேரத்துல குனிஞ்சு என்னைத்தான் கேப்பாரு.”

எனக்கு உயிர் வந்தது. “அப்ப நம்ம கையிலதான் இருக்குன்னு சொல்லுங்க.”

“பார்ப்போம், பார்ப்போம்” என்று அவர் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. ஒல்லியின் மனைவியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். சலவைக் கடையில் வேலை செய்பவள் அவள். லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கீழே நான் கண்ட காட்சியை மறைக்காமல் சொல்கிறேன். ஒருவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய துணுக்குகளைப் பக்கத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். இரண்டு பேர் ஒரு கைபேசிக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாய் திறந்து தூங்கினார். ஈ உள்ளே போய்விட்டு வரலாம், அவசரமில்லை. நாட்டை ஆளுகிற லட்சணம் இது. சந்தையில் மாடு பிடிப்பவர்கள்கூடத் தங்கள் வேலையில் இதைவிடக் கண்ணாயிருப்பார்கள்.

மாநிலச் சின்னத்திலுள்ள பறவையின் வாலை நீட்டுவதற்கு ஒரு மசோதா வந்தது. எல்லாரும் விழித்துக்கொண்டு மேசையைத் தட்டினார்கள். அடுத்தது எங்களுடையது.

டாக்டர் அம்மா எழுந்து இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், முன்வரிசையில் ஒரு குரல், “லிஃப்ட்டு பயமா இருந்தா படியில ஏறச் சொல்லுங்கம்மா!” என்றது. சபை குலுங்கிச் சிரித்தது. தூங்கியவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

அத்தான் படித்தார். ஒப்புக்கொள்ள வேண்டும், அன்று அவர் குரல் வெண்கலம். ‘மின்தூக்கிப் பணியாளர் உயிர்ப் பாதுகாப்பு மசோதா’ என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது ஒல்லியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் செய்த வேலைக்கு அவ்வளவு பெரிய பெயர் உண்டென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சபாநாயகர் குனிந்தார். அத்தான் நிமிர்ந்து, கையை வாயருகில் குவித்து, அவர் காதில் ஏதோ சொன்னார்.

“கட்டடக் குழுவுக்கு அனுப்பப்படுகிறது.” தட்டு. அடுத்தது.

மாடியார் தன் இருக்கையிலிருந்து திரும்பி, அத்தானைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் அசைத்தார். அத்தானும் அசைத்தார்.

“பாஸாயிடுச்சாண்ணே?” என்று ஒல்லியின் மனைவி கேட்டாள்.

“அனுப்பியிருக்காங்கம்மா.”

“எங்க?”

நான் எதையோ சொல்லி மழுப்பினேன்.

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் முற்றத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“காதுல என்ன சொன்னீங்க?”

கொப்பளித்தார். துப்பினார். மறுபடியும் ஒரு வாய் ஊற்றிக்கொள்ளப் போனவரின் செம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“கேட்டாரு, சொன்னேன். லிஃப்ட்டு கட்டடத்துக்குள்ளதானே இருக்கு? ஆகாயத்துலயா தொங்குது?”

“அத்தான், அந்தக் குழு கூட்டமே போடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு, நான் என்னமோ அவரைப் பாராட்ட வந்தவன் மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மாடியார் நேத்து என்னை நடைபாதையில பார்த்தாரு. அத்தனை பேர் எதிர்ல தோளைத் தொட்டுப் பேசினாரு. ‘நீங்க போயிட்டா இந்த சபையே ஊமையாயிடும்’னாரு. எனக்கு ஓய்வு வருது இல்ல? நீட்டிப்பு வாங்கித் தர்றேன்னு அவராவே சொன்னாரு.”

லஞ்சம் வாங்கியிருந்தால்கூட ஒரு கணக்கு இருந்திருக்கும். ஒரு மனிதன் தோளில் ஒரு தட்டுக்கு விலைபோவதை அன்றுதான் பார்த்தேன். நாய்கூட எலும்பைப் பார்த்த பிறகுதான் வாலை ஆட்டும்.

அக்கா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “ஒல்லி செத்தப்ப அந்தப் பொண்ணு இந்த வீட்டுலதான் உட்கார்ந்து அழுதுச்சு. நீங்களும் பார்த்தீங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? நான் வெறும் குரல்.”

“அப்படியா? குரலுக்கு இஞ்சி வேணும்னா குரலே தட்டிக்கட்டும்.”

அவள் கத்தவில்லை. சொன்னதைச் செய்தாள். சமைத்தாள், துவைத்தாள், வந்தவர்களுக்கு முன்னால் மரியாதையாகவே இருந்தாள். ஆனால் அந்தத் தொண்டைக்காக அதன் பிறகு அவள் அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்ததில்லை.

டாக்டர் அம்மா லேசில் விடவில்லை. குழு எப்போது கூடும் என்று எழுதிக் கேட்டார், நேரில் கேட்டார், சபையிலும் கேட்டார். ஒரு நாள் என்னையும் அழைத்துக்கொண்டு குழு அறைக்கே போனார். கதவைத் திறந்தால் உள்ளே கால் உடைந்த நாற்காலிகளும், செத்த மைக்குகளும், சுருட்டிய கம்பளமும். அங்கே படுத்திருந்த கடைநிலை ஊழியர் எழுந்து, “மீட்டிங்கா? இந்த ரூம்லயா?” என்று எங்களை வழி தவறி வந்தவர்களைப்போல இரக்கத்தோடு பார்த்தார். அந்த அம்மா நாற்காலிகளில் ஒன்றைத் தூசி தட்டி உட்காரப் போய், அது சாய, சுவரைப் பிடித்துக்கொண்டார். “பல்லு சொத்தைன்னா பிடுங்கிடலாம்” என்றார். “இது தாடையே சொத்தை.”

சபையின் ஆயுள் முடிந்தது. கிடப்பில் கிடந்த மசோதாக்களெல்லாம் தாமாகவே காலாவதி ஆயின. எங்களுடையதையும் சேர்த்துக் குப்பையில் கூட்டினார்கள்.

அதற்கு முன்பே நாங்கள் காத்திருப்பதை விட்டிருந்தோம். இன்னொருவன் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை சிக்கி, விரல்களை இழந்தான். அன்று சாயங்காலம் எல்லாக் கம்பெனி மெக்கானிக்குகளும் ஒரு டீக்கடை வாசலில் கூடினோம். தீர்மானம், வாசிப்பு, ஒன்றும் கிடையாது. “ரெண்டு பேரா அனுப்பினா இறங்குவோம், இல்லன்னா இல்ல” என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். “சரி” என்றோம். ஆளுக்கொரு பூட்டு வாங்கிக்கொண்டோம்.

கம்பெனிகள் மிரட்டின. சிலரை வேலையை விட்டு நீக்கின. நீக்கப்பட்டவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஊரில் லிஃப்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. மாடியாரின் கட்டடங்களில் மேல்மாடிக்காரர்கள் மூச்சு வாங்க ஏறி இறங்கி, அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டார்கள். வாடகையை நிறுத்துவோம் என்றதும் அவருக்கு ஞானம் பிறந்தது. எங்கள் கம்பெனிக்கு அவரே போன் செய்து, “ரெண்டு பேர் என்ன, நாலு பேரை அனுப்புங்கய்யா!” என்று அலறினாராம். சபை முழுவதும் சேர்ந்து செய்யாததை ஐந்து மாடிப் படிக்கட்டு செய்தது.

அத்தானுக்கு நீட்டிப்பு வரவில்லை. மாடியாரின் தங்கை மகன் ஒருவன் அந்த மேசைக்கு வந்தான். அவனுக்கு ‘ர’வும் ‘ற’வும் ஒன்று, ‘ல’வும் ‘ழ’வும் ஒன்று. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் கேட்டால்தானே தெரிய? அத்தானுக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். அதில் அவர் பெயரையே தப்பாகச் சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்து, “எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க” என்றார். அக்கா, “கிளம்பறதுக்கு எழுந்திருப்பாங்க” என்றாள்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அக்காவைப் பார்க்கப் போகும்போது இருமல் சத்தம் கேட்டால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருவேன்.

போன மாதம் ஒல்லியின் மனைவி மருந்துக் கடையில் அவரைப் பார்த்திருக்கிறாள். இப்போது அவள் எங்கள் கம்பெனி உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்கிறாள். அத்தான் சபாநாயகர் காதில் என்ன சொன்னார் என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. மறுநாள் கிடங்கில் என்னிடம் வந்து சொன்னாள்.

“அவரைப் பார்த்ததும் நின்னு கும்பிட்டேண்ணே. ‘அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்காக அவ்வளவு நல்லாப் படிச்சீங்களே, மறக்கவே மாட்டேன்’னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு, நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம், ‘எந்த மசோதாம்மா அது?’ன்னு கேட்டாரு. பாவம், வயசாயிடுச்சு இல்ல?”

அவள் பூட்டுகள் அடுக்கியிருந்த பெட்டியை இழுத்து, அன்றைக்கு இறங்கப் போகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.