சாக்பீஸோடு வீடு காட்டியவர்

மனோன்மணி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, அவர் விற்றுக்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் நான் நின்றிருந்தேன். "காச்சலா இருக்குதுபா, நீயே போய்த் தொறந்து காட்டு" என்று காலையில் சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார். மதியம் அவருடைய மகள் போனில், "மாமா, அம்மா இல்ல மாமா" என்றாள். வீடு பார்க்க வந்தவரை அனுப்பிவிட்டு, பூட்டக்கூடத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுத் தரகரான அவர் மூலம் காஞ்சிபுரத்தில் வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும். மழை பிடித்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவோம். அந்த அம்மாள் அப்போதுதான் வெளியே கிளம்புவார். பையில் சாக்பீஸ் இருக்கும். விற்க வேண்டிய வீட்டில் சொட்டும் இடம், விரிசல், ஈரம் ஏறும் சுவர், எது கண்ணில் பட்டாலும் வட்டம் போடுவார். வாங்க வருகிறவருக்கு முதலில் காட்டுவதும் அந்த வட்டங்களைத்தான். அதே தெருக்களில் தரகு பார்த்த எனக்கு எரிச்சலாக வரும். "விக்கற வீட்டுக்குத் திருஷ்டிப் பொட்டா மனோம்மா?" என்று கேலி செய்தேன்.

"குடி வந்தப்புறம் கண்டுபுடிச்சா என்னைத் திட்டுவாங்க. இப்பவே கண்டுபுடிச்சா வீட்டைத் திட்டுவாங்க. வீடு தாங்கும்பா" என்றார்.

என்னை அவர் திட்டியதும் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் நான் விற்ற வீட்டின் கூடத்தில் ஒரு தறிக்குழி, நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் பள்ளம், இருந்தது. அதில் செங்கல் இடிசலைக் கொட்டி, கெட்டிப்படுத்தாமலே மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டேன். வாங்கியவர் சரியாக அதன்மேல் பீரோவை வைத்தார். முதல் மழைக்கே பீரோ ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்துவிட்டது. "மூடுனதைச் சொல்லாத வித்துட்டு வந்துட்டியே, பக்கத்துல கொழந்த படுத்திருந்தா?" என்றார் மனோன்மணி. கொத்தனாரோடு அவரே வந்து, டைல்ஸைப் பெயர்த்து மண் நிரப்பி இடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. போட்டியை விட்டு அவரோடு சேர்ந்து தொழில் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அவர் கையில் கடைசியாக இருந்தது, அன்று நான் திறந்து காட்டப் போன வீடுதான்; ஓய்வுபெற்ற நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டருடையது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் தெரு முழுக்கப் புங்கமும் வேம்பும் நிழல் கட்டி நிற்கும். சின்ன ஓட்டு வீடு, நடுவில் முற்றம், பின்னால் ஒரு நாரத்தை மரம். பெங்களூரில் மகனோடு இருக்கப் போகும் சிஸ்டர் கேட்டது ஒன்றுதான்: "வாங்கறவங்க இதுல குடியிருக்கணும். இடிக்கறவங்களுக்கு வேணாம்." மனோன்மணி சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒரு பில்டர் என்னைத் தேடி வந்தார். "அந்தம்மாவே இல்ல, இன்னும் இன்னா சார் வாக்கு? இடிச்சிட்டு ஃபிளாட் கட்டலாம்" என்றார். கோபம் தலைக்கேறியது. வாக்கு இன்னும் இருக்கிறது, கிளம்புங்கள் என்றேன். அன்றே மனோன்மணியின் மகளிடம் போய் அந்தச் சாக்பீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்து, பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மனோன்மணி போட்ட ஏழு வட்டங்களையும் காட்டினேன். இருவர் முகமும் சுருங்கியது. "மழையில ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று அவர் சொல்வதையே சொல்லி அனுப்பினேன். இனி வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

சென்ற வாரம் அடைமழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார்கள். வட்டம் போட்ட இடங்களில் சொன்னபடியே சொட்டியது. அடுப்பங்கரையில் மட்டும் புதிதாக ஓர் ஒழுகல், மனோன்மணி கண்ணுக்கே தப்பியது. சொட்டு விழுந்த இடத்தில் நின்று காலால் மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பழைய புத்தி. குனிந்து, ஈரத் தரையில் சாக்பீஸை அழுத்தி, எட்டாவது வட்டத்தைப் போட்டேன்.

அந்தப் பெண் மூலையில் கிடந்த குண்டானை எடுத்து வந்து ஒழுகலுக்குக் கீழே வைத்துவிட்டு, "அடுப்ப அந்தப் பக்கம் வெச்சிக்கலாங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

சாக்பீஸ் இன்னும் பாதி இருக்கிறது, மனோம்மா. தீர்ந்தால் நானே வாங்கிக்கொள்வேன்.