குடைக்காகத் திரும்பி வந்தவன்

அம்மா வேலை பார்த்தது ஆஸ்பத்திரியின் தையல் அறையில். கிழிந்த படுக்கை விரிப்புகளும் நாடா அறுந்த திரைகளும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். அப்படி ஒரு மூட்டையில் சுருண்டு வந்ததுதான் அந்த நாவல். எந்த நோயாளி விட்டுப்போனாரோ, தேடி யாரும் வரவில்லை. அட்டை கழன்ற புத்தகத்தை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு பையன் பெரியவனாகிற கதை. பள்ளிக்கூடம், அடி, முதல் காதல், அப்பாவின் சாவு. கடைசி அத்தியாயத்தில் கொட்டும் மழையில் வீட்டைவிட்டுக் கிளம்புவான். தெருமுனையில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். எல்லோரும் மெச்சிய முடிவு.

அம்மாவுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது.

மகளுக்குக் கதையை வாயால்தான் சொன்னாள், மிஷினை மிதித்துக்கொண்டே. அவள் கதையில் பையன் தெருமுனைவரை போய், குடையை மறந்துவிட்டோமே என்று திரும்பி வருவான். வந்தவனை அவன் அம்மா உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாள். மறுநாள் கிளம்பினால் கண்ணாடியை விட்டிருப்பான். அதற்கு மறுநாள் ஒற்றைச் செருப்பை.

"ஒத்தைச் செருப்போட எப்படிம்மா தெருமுனை வரைக்கும் போனான்?"

"அவசரக்குடுக்கை. அவனுக்குக் காலா தெரியும்?"

பின்னால் பள்ளியில் அதே நாவல் பாடமாக வந்தது. டீச்சர் முடிவைக் கேட்டார். மகள் எழுந்து குடையைப் பற்றிச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயர் 'குடை'. வீட்டுக்கு வந்து பையை வீசினாள்.

"ஏம்மா பொய் சொன்ன? புத்தகத்துல அவன் வரவே இல்ல."

"எழுதினவருக்கு என்ன, எழுதிட்டுப் போயிட்டாரு. வெறுங்கையோட போனவன நெனச்சு எனக்குல்ல தூக்கம் வரல."

"அது கதைம்மா."

"கதைன்னா நனையாதா?"

மகள் வளர்ந்து, வெளியூர் ஆலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பொறியாளரானாள். விடுமுறை முடிந்து கிளம்பும்போதெல்லாம் தெருமுனையில் ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். கால்குலேட்டர், அடையாள அட்டை, கண்ணாடி. ஓடி வந்தால் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"வருவேன்னு தெரியும். வந்ததுதான் வந்த, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

அம்மாதான் பையிலிருந்து எடுத்து வைக்கிறாள் என்பது புரியச் சில வருடங்கள் ஆயின. புரிந்த பிறகும் கேட்கவில்லை. ஒருமுறை பஸ் தவறி, மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். அதற்குப் பின் கிளம்புமுன் பையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. போன கோடையிலும் பார்த்தாள். கால்குலேட்டர், அட்டை, கண்ணாடி, எல்லாம் இருந்தன. அவள் திரும்பவில்லை.

அடுத்து ஆஸ்பத்திரியிலிருந்துதான் சேதி வந்தது. தைத்துக்கொண்டிருந்தபடியே மிஷின்மேல் சாய்ந்துவிட்டாளாம்.

வீட்டைக் காலிசெய்த அன்று, சாமான்களெல்லாம் வண்டியில் போன பிறகு, மகள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய மடக்குக் குடை தொங்கியது. பையின் பக்கவாட்டு அறையிலேயே கிடக்கும் குடை. வெயில் காலத்தில் அதை அவள் தேடவே இல்லை. போன கோடையில் அம்மா இதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

குடையை எடுத்தாள். திரும்ப ஆணியிலேயே மாட்டினாள்.

வீட்டுச் சொந்தக்காரர் கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். அவள் தெருமுனைவரை நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"என்னம்மா, வந்துட்ட?"

"குடையை விட்டுட்டேன் மாமா."

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. சாவியை நீட்டினார்.

அவள் திரும்பி வந்த நாட்களில் இந்தக் கதவு ஒருநாளும் பூட்டியிருந்ததில்லை. தானே திறந்து உள்ளே போய், குடையை எடுத்துக்கொண்டாள்.