இரண்டு ஸ்பேடில் நின்ற ஏலம்

இன்னைக்கு தம்பானூர் பக்கத்துல கிளப் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி. எனக்கு ஜோடி என் வீட்டுக்காரர்.

நான் ஒரு ஸ்பேடுன்னு ஏலத்தை ஆரம்பிச்சேன். அவர் இரண்டு டைமண்டுன்னார். எங்க முறையில் அதுக்கப்புறம் பெரிய போனஸ் கிடைக்கிற 'கேம்' அளவுக்கு ஏலம் ஏறற வரைக்கும் ரெண்டு பேருமே நிறுத்தக்கூடாது. அந்த தைரியத்துல, கை நிறைய நல்ல சீட்டு இருந்தும், நிதானமா இரண்டு ஸ்பேடுன்னேன்.

அவர் பாஸ்னு அங்கேயே நிறுத்திட்டார்.

"சாரே, அது பாஸ் செய்யான் பாடில்லல்லோ," அதை பாஸ் பண்ணக்கூடாதேன்னு மலையாளத்துல என்றார் எதிர் ஜோடிக்காரர், சந்தோஷமா. அந்த போனஸ் போனதுல கோப்பையும் அவங்களுக்குப் போச்சு.

கார்ல கேட்டேன், "ஏன் நிறுத்தினீங்க?"

"உன் குரல்ல அலுப்பு தெரிஞ்சுது. போதும், வீட்டுக்குப் போலாம்னு சொல்றியோன்னு நெனச்சேன்."

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுக்களையில இதே குரல்லதான் பேசறேன். அவர் கையில சீட்டு இருந்தாத்தான் அது காதுல விழும்போல.

உங்க வீட்ல எப்படி?