அடுத்த வீட்டில் ஒலித்த என் குரல்

எங்கள் ஊரில் வைஃபை உள்ள வீடுகள் பல. இசைக்கென்று தனியாக ஒரு சர்வர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பழைய கணினி ஒன்றில் ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தி, கேசட்டுகளிலிருந்து மாற்றிய நாகசுரமும் அம்மன் பாடல்களும் பழைய திரைப்பாடல்களும் வீட்டின் எந்தக் கைப்பேசியிலும் ஒலிக்கும்படி செய்தேன். பழவேற்காட்டுக் கடைகளிலிருந்து யாரையும் அழைத்துவரவில்லை. பட்டப்படிப்பு முடித்து அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவனுக்கு, விளக்கக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வது பெரிய வேலையல்ல.

எந்தக் கோப்புறையை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அந்த மென்பொருள் கேட்டது. பாடல்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்ததால் முழு டிஸ்க்கையும் கொடுத்தேன். ஒலி என்று எது இருந்தாலும் அது விடாமல் எடுத்து வரிசைப்படுத்தியது. ஊர்க் கூட்டத்தின் பதிவுகளையும் எடுத்தது. பாடியவர் பெயர் இல்லாததால், அவற்றையெல்லாம் 'பெயர் தெரியாத கலைஞர்' என்ற தலைப்பின்கீழ் வைத்தது. சாம்பல் நிறச் சதுரம், படம் கிடையாது. யார் அதைத் தொடப்போகிறார்கள் என்று விட்டுவைத்தேன்.

அந்தப் பதிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மீன்பிடிக்கும் பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிப்பது எங்கள் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். மணமான ஆணின் பெயர்தான் குலுக்கலில் சேரும். சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கூட்டம் முடிவு செய்யும். அங்கே பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது. சொன்னதைச் சொல்லவில்லை என்று ஒருமுறை தகராறு வந்த பிறகு, பேச்சைப் பதிவு செய்து பத்திரமாக வைத்திருக்கும்படி, படித்தவன் என்பதால் என்னிடம் சொன்னார்கள். அந்த நம்பிக்கையால்தான் கூட்டத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

ஒருநாள் சர்வரின் முகப்பில் 'சமீபத்தில் கேட்டவை' என்ற பகுதியைப் பார்த்தேன். நாகசுரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் சதுரம் நின்றது. கடைசியாக நடந்த கூட்டத்தின் பதிவை யாரோ கேட்டிருந்தார்கள்.

சந்தேகம் உடனே என் தங்கையின் மகன்மேல் விழுந்தது. தங்கை கணவனை இழந்தவள். அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். என் வைஃபை அவள் கூரைவரை எட்டும். அவள் மகனுக்குச் சென்ற ஆண்டுதான் திருமணம் ஆயிற்று. அந்தக் கூட்டத்தில் அவன் பெயரைச் சேர்க்கும் பேச்சு வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவனுக்குப் பாடு எதற்கு என்று சிலர் தடுத்தார்கள். யார் தடுத்தார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தேநீர்க் கடையில் நாலு பேர் நடுவில் அவன் அதை ஒலிக்கவிட்டால், நான் எந்த முகத்தோடு கூட்டத்தில் உட்காருவது?

அதுவரை எல்லாரும் ஒரே கணக்கில்தான் கேட்டுவந்தார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லி ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தேன். அவன் மட்டும் என்னை உற்றுப் பார்த்தான்.

"இன்னா மாமா, பாட்டு கேக்கறதுக்குக்கூட ஆதார் கேப்ப போல?"

அந்தக் கேலி என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. வேண்டுமென்றே அந்தக் கோப்பை நீக்காமல் வைத்துக் காத்திருந்தேன்.

சில நாள் கழித்து, ஒரு நண்பகலில், திரையில் அது மறுபடியும் ஓடத் தொடங்கியது. மருமகன் துறைமுகத்துக்குப் போயிருந்தான். ஓடியது என் தங்கையின் கணக்கில். செருப்பு மாட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். மதில் ஓரத்தை அடைவதற்குள்ளேயே என் குரல் கேட்டது. தங்கை இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி ஐஸ் பெட்டியின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னாம்மா இது?"

"இன்னான்னா? நீ பேசறதுதான். நல்லாத்தான் கேக்குது."

"கூட்டத்துல பேசனது வெளிய போகக் கூடாது, தெரியுமில்ல?"

"வெளிய எங்கண்ணா போச்சு? என் வூட்லதான கீது."

"பையனுக்குப் போட்டுக் காட்டினியா?"

"காட்டியிருந்தா அவன் இந்நேரம் உன் வாசல்ல நின்னுருப்பான். எனக்கு அந்த புத்தி இல்லயா?"

"பின்ன எதுக்குக் கேக்கற?"

அவள் கை நிற்கவில்லை. "அவனுக்காகப் பேசனேன்னு சொன்ன. நான் நம்பல. அதான்."

என் சொல்லை என் வீட்டாரே சோதித்துப் பார்ப்பது எனக்குப் புதிது. "இப்ப நம்பறியா?" என்று கேட்டேன்.

"பேசித்தான் கீற. மேடையில பேசறாப்பல, மரபுன்ற, நியாயம்ன்ற. நம்ம நைனா கேட்டிருந்தா பூரிச்சிருப்பாரு. அப்புறம் தலைவரு 'அடுத்த வருசம் பாக்கலாம்'ன்றாரு. நீ 'சரி'ன்ற. ஒரு மூச்சுகூட வுடல. நடுவுல எதுனா சொன்னியான்னு திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறேன். ஒண்ணுமே இல்லண்ணா."

பெரும்பான்மை ஒரு முடிவுக்கு வந்த பிறகு அதை மதிப்பதுதான் கூட்டத்தின் ஒழுங்கு என்று அவளுக்கு விளக்கினேன். அவள் தலையசைத்துவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முழு டிஸ்க்கைக் கொடுத்திருந்த இடத்தில் பாடல் கோப்புறைகளை மட்டும் குறித்தேன். ஸ்கேனை முதலிலிருந்து ஓடவிட்டேன். சாம்பல் சதுரம் மறைந்தது. கூட்டத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு மறுநாள் மதிலருகே நின்று அவளிடம் சொன்னேன்.

"அத எடுத்துட்டேன். இனிமே வராது."

"என் போன்ல கீதே."

"எப்படி?"

"நெட்டு இல்லாதப்பகூட கேக்கலாம், இந்த அம்புக்குறிய அமுக்குன்னு நீதான காட்டிக் குடுத்த?"

காட்டிக் கொடுத்தது உண்மைதான். அம்மன் பாடலுக்காகக் காட்டிக் கொடுத்தேன்.

"அழிச்சிடும்மா."

"அழிக்கறேன். அவன் பேரு வரட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அது வேண்டுகோளா மிரட்டலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் என்பதற்காக அவள்மேல் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா? தேநீர்க் கடையைக் கடக்கும்போதெல்லாம் அங்கே ஒலிப்பது பாடல்தானா என்று நின்று கேட்டுவிட்டே நகர்கிறேன்.

கூட்டம் அடுத்த மாதம். மருமகனுக்காகப் பேச வேண்டியதைத் தாளில் எழுதிவிட்டேன். இம்முறை சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன். மீண்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தலைவர் சொன்னால் என்ன சொல்வது என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன், அடிக்கிறேன்.